குளிக்கப் போன கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். தன்னடக்கத்தில் சொல்லவில்லை. சாட்சிகள் இருக்கிறார்கள், ஒரு பேருந்து நிறைய. நின்றுகொண்டு வந்தவர்களைச் சேர்க்காமலே சொல்கிறேன்.

முட்டாள்தனத்துக்குப் படிப்பு ஒரு தடையில்லை என்பதற்கும் நானே உதாரணம். நான் வேதியியல் பட்டதாரி. (யாரும் நம்புவதில்லை. எனக்குப் பாடம் எடுத்தவரே ரிசல்ட் வந்த அன்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.) அந்தப் படிப்பின் பயனாகக் கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலை நேரத்தில் ஊராரின் வில்லங்கங்களைப் பிரதி எடுப்பேன். மிச்ச நேரத்தில் கல் சேகரிப்பேன்.

கல் என்றால் வீடு கட்டுகிற கல் இல்லை. படிகக் கல், தாதுக் கல், பல கோடி வருஷத்துக்கு முன் செத்துக் கல்லாகிப்போன நத்தை, இப்படி. இதே பைத்தியம் பிடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலை மேல் வெள்ளிமலையில், ஒரு டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் கூடுவோம். ஆளுக்கொரு துண்டை விரித்துக் கற்களைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருப்போம். முதல் கூட்டத்தன்று அந்தப் பக்கம் வந்த மலைக்காரர் ஒருவர் எங்களை ஜோசியக்காரர்கள் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டார். (எங்கள் குழுவில் இருக்கும் அரியலூர்க்காரர் பார்த்துச் சொல்லியும் அனுப்பினார். பலித்ததாம்.)

எங்கள் குழுவில் காசு கிடையாது. கல்லுக்குக் கல்தான். அதையும் அவசரப்பட்டு முடிப்பதில்லை. ஒரு மாதம் என் கல் உங்கள் வீட்டில் இருக்கும், உங்கள் கல் என் வீட்டில் இருக்கும். பெண் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்பார்களே, அந்த மாதிரி. அடுத்த கூட்டத்தில் இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் மாற்று முடிந்தது. ஒருவர் முகத்தைச் சுளித்தாலும் அவரவர் கல் அவரவர் கைக்கு. ஒரே ஒரு மரியாதை உண்டு: திருப்பிக் கொடுக்கும்போது கல்லைக் குளிப்பாட்டிக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித்தானே தருவோம்? மலைக்கல்லில் செம்மண் அப்பிக் கிடக்கும் என்பதால் பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்போம். பிரஷ் பழசாகும்வரை காத்திருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் அவரவர் பிரஷ்ஷை அவரவர் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

என் சேகரிப்பில் ராஜா ஒன்று இருந்தது. மலையில் தினை போடும் நண்பர் ஒருவர் கிணறு வெட்டியபோது வெளியே வந்த படிகம். புகை நிறம். இரண்டு பக்கமும் கூர்முனை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே மழை மேகம் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும். என்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் (கடை, வண்டி, என்னையும் சேர்த்து) கேலி செய்யும் என் மனைவி வளர்மதி, அந்தக் கல்லை மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அதிலிருந்தே அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

அதைத்தான் தூக்கி மாற்றுக்குக் கொடுத்தேன்.

காரணம் குணசேகரன். மரக்காணத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். குழுவுக்குப் புதுசு. வந்த முதல் கூட்டத்திலேயே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, அதன் நடுவில் ஒரே ஒரு கல்லை வைத்தார். எலுமிச்சம்பழ அளவில் கனசதுரம். கண்ணாடி மாதிரி, லேசாக ரோஜா நிறம் ஓடியது. ஆறு முகமும் உள்பக்கமாகப் படிப்படியாக இறங்கின. கோயில் குளத்தைச் சுருக்கி ஆறு பக்கமும் ஒட்டிவைத்தது போல. எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை.

அவர் பவ்யமாக ஆரம்பித்தார். “இது ஹாலைட்டுண்ணே. இது எங்க கெடச்சிச்சின்னா...”

ஒருவர் கல்லைப் பற்றிச் சொல்லும்போது கேட்டுக்கொள்வது நாகரிகம். நான் வேதியியல் பட்டதாரி. எனக்கெதற்கு நாகரிகம்?

“ஹாலைட்டா? எங்கிட்டயே ரெண்டு இருந்திச்சி. யாருக்கோ குடுத்துட்டேன்” என்றேன். வாழ்க்கையில் அந்தப் பெயரை அன்றுதான் கேட்கிறேன்.

“அப்ப எப்டி வெச்சிக்கணும்னு உங்களுக்குச் சொல்லத் தேவயில்ல.”

“எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

அவர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். (மரியாதை தெரிந்தவர்களால்தான் இந்த உலகத்தில் பாதி நாசம்.) என் புகைநிறப் படிகம் அவர் பைக்குள் போனது. அவருடைய கோயில் குளம் என் சட்டைப் பைக்குள் வந்தது.

ஒரு வாரம் ஆனந்தமாக இருந்தேன். மழை பிடித்த நாளில் கல்லின் மேல் முத்து முத்தாக ஈரம் கோத்தது. கடைக்கு வந்த வக்கீல்களிடமெல்லாம் இது அபூர்வ ஜாதி, மனிதனைப் போலவே வியர்க்கும் என்று விளக்கம் கொடுத்தேன். வளர்மதி மட்டும், “அப்ப ஃபேன் போட்டு வுடுங்க” என்றாள்.

அப்புறம் ஏக்கம் பிடித்துக்கொண்டது. படிகம் இருந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. சோறு இறங்கவில்லை. (குழம்பு மட்டும் இறங்கியது.) கொடுத்திருக்கக் கூடாது, எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்ததோடு நிற்காமல், அது திரும்பி வந்ததும் குடிவைக்க உள்ளே பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்கு ஆசாரியிடம் சொல்லி வாங்கியும் வந்துவிட்டேன். குணசேகரனுக்குப் போன் போட்டேன். அவர் கொஞ்சமும் முறுக்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் கல்லைக் கொடுத்துவிட்டு என் கல்லை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். அவ்வளவுதான். அந்தக் கனசதுரத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் என் ராஜா எனக்கு.

வெறுமனே கொண்டுபோய்க் கொடுப்பேனா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறக்கடையில் நீல பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து, கல்லை உள்ளே இறக்கி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினேன்.

சனிக்கிழமை மச்சான் வந்தார். வளர்மதியின் தம்பி சுரேஷ், திருக்கோவிலூரில் தாலுகா ஆபீஸ் வேலை. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நம்புகிற ஆள். புறக்கடைப் பக்கம் போய் வந்தவர், பக்கெட்டில் என்ன என்று விசாரித்தார். கல் ஊறுகிறது என்றேன். “பருப்ப ஊறப் போட்டாலும் வடயாவது கெடைக்கும்” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிரஷ்ஷோடு புறக்கடைக்குப் போனேன். பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. கல்லைக் காணோம்.

வளர்மதியைக் கேட்டேன். பக்கெட்டில் வெறும் தண்ணீர்தான் இருந்தது, வீணாக்குவானேன் என்று தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டேன் என்றாள். தண்ணீரோடு கல்லும் போய் விழுந்திருக்கும் என்று கரண்டியால் தொட்டி மண்ணைக் கிளறினேன். மண்புழு இரண்டு கிடைத்தன. வேறு ஒன்றும் இல்லை.

“நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு. உள்ள கல்லே இல்லயா?”

“இன்னாங்க, கல்லு இருந்தா கண்ணுக்குத் தெரியாதா? எனக்கு இன்னா மாலக்கண்ணா?”

அப்போதுதான் என் மூளையில் வெளிச்சம் அடித்தது. (அந்த வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் யாருக்காவது சேதம்.) பக்கெட்டைப் பற்றி விசாரித்தது யார்? சுரேஷ். விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போனது யார்? சுரேஷ்.

வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். திருக்கோவிலூர் பஸ் கிளம்புகிற நேரம். ஏறிப் பார்த்தால் நடு சீட்டில் மச்சான், மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் போனார். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

“உக்காருங்க மச்சான். பையக் கொஞ்சம் தொறங்க.”

“எதுக்கு மாமா?”

“தொறங்க சொல்றேன்.”

பஸ் மொத்தமும் திரும்பியது. முன் சீட்டு அம்மா ஒருவர், எவ்வளவு பவுன் என்று என்னையே கேட்டார். பவுன் இல்லை, கல் என்றேன். வைரமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இதற்குள் நானே பையைப் பிடுங்கித் திறந்துவிட்டேன். வேட்டி, சோப்பு டப்பா, அடியில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக, முனை முனையாக இருந்தது.

“இது இன்னா?” என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டுப் பிரித்தேன்.

கற்கண்டு. பெரிய பெரிய கட்டி.

அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். சந்தேகம் தீராமல் ஒரு கட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, முகங்களை எண்ணினேன். சுரேஷ் அசையாமல், பத்திரத்தில் கையெழுத்து சரிபார்ப்பவர் குரலில் சொன்னார்:

“புள்ளைக்குப் பொறந்த நாளு மாமா. கோயிலுக்கு வாங்கினது. அக்காதான் நல்லா இருக்கும்னு கடயாண்ட இட்டுக்கினு போச்சி.”

கண்டக்டர் வந்து, சோதனை முடிந்திருந்தால் வண்டியை எடுக்கலாமா என்று கேட்டார். நான் இறங்கினேன். இறங்கியபிறகுதான் கையில் இன்னும் அந்தக் கற்கண்டு இருப்பதைப் பார்த்தேன். பஸ் போய்விட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற வளைவெல்லாம் வசனம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளிமலைக் கொட்டகையில் எல்லாரும் துண்டு விரித்திருந்தார்கள். குணசேகரனின் கைக்குட்டையில் என் படிகம், துடைத்துச் சுத்தமாக, எனக்காகக் காத்திருந்தது. நான் உட்காராமல், இரங்கல் கூட்டத்தில் பேசுவது போல, கல் திருட்டுப் போய்விட்டது என்று அறிவித்தேன்.

நல்ல மனிதர்கள். உச்சுக் கொட்டினார்கள். அரியலூர்க்காரர் போலீசில் சொல்லலாமா என்றார். சேலத்துக்காரர், வீட்டுக்கு மச்சான் யாராவது வந்திருந்தாரா என்று கேட்டார். (அவருக்கு மூன்று மச்சான்கள்.) குணசேகரன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

“எங்கண்ணே வெச்சிருந்தீங்க?”

“பக்கெட்ல.”

“பக்கெட்ல வேற இன்னா இருந்திச்சி?”

“வேற இன்னா? தண்ணிதான். குளிப்பாட்டிக் குடுக்கணும்ல? வெள்ளிக்கெழம சாயங்காலமே ஊறப் போட்டுட்டேன்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

சேலத்துக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குணசேகரன், நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

“அண்ணே, அது உப்பு.”

“எது?”

“ஹாலைட்டுன்னா உப்புண்ணே. எங்க ஊரு உப்பளத்துல வெளஞ்சது. கொழம்புல போடுறமே, அதேதான். இது கொஞ்சம் ஜாஸ்தி பெருசு.”

சோடியம் குளோரைடு. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக மனப்பாடம் செய்கிற வாய்பாடு. அதற்கு மேல் கல்லூரியில் வேறு போய்ப் படித்தேன். வியர்த்தது அபூர்வ ஜாதியல்ல, மழைக்காலத்து உப்பு ஜாடி. அரியலூர்க்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், தன் நத்தைகளின் மேலேயே சாய்ந்துவிட்டார். பல கோடி வருஷம் தாங்கிய நத்தை ஒன்று அன்றைக்கு உடைந்தது. அந்தப் பழியும் என் கணக்கில்தான்.

நான் படிகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குணசேகரனும் அதைக் கவனித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கல்லுக்குக் கல் என்பது எல்லாருமாகச் சேர்ந்து வைத்த விதி. என்னிடம் கொடுக்கக் கல் இல்லை. “அந்தத் தண்ணியயாவது கொண்டாந்திருந்தீங்கன்னா, காய வெச்சிப் பாத்திருக்கலாம்” என்றார். அது கறிவேப்பிலைக்குப் போய்விட்டது என்றேன். அவர் படிகத்தைக் கைக்குட்டையில் சுற்றினார். முதலில் ஒரு முனை மறைந்தது, அப்புறம் மேகம், அப்புறம் அடுத்த முனை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அப்போது கொஞ்சம் நிறுத்தினார்கள்.

சில வாரத்தில் கறிவேப்பிலைச் செடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. இப்போதெல்லாம் சாப்பாட்டில் உப்பு கம்மி என்று நான் சொல்ல முடியாது. “பக்கெட்ல தேடிப் பாருங்க” என்று பதில் வரும். மச்சானிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மாமா என்றார், சத்தியமாக மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டுக்கு வந்தால், கேட்டிலேயே நின்று பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். திரும்பிப் போகும்போதும் காட்டுகிறார். அவர் பிள்ளையும் ஸ்கூல் பையைத் திறந்து காட்டப் பழகிவிட்டது. சொந்தக்காரர்கள் கல்யாணம் காட்சிக்கு வந்தாலும் வரிசையில் நின்று இதே மாதிரி செய்கிறார்கள். சிரிக்காமல் செய்ய வேண்டும் என்பது விதி. சுரேஷ்தான் எல்லாருக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மரக்காணம் பக்கம் போக வேண்டியிருந்தது. மனசு கேட்கவில்லை. அங்கே வருகிறேன், அந்தப் படிகத்தை ஒரே ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று குணசேகரனுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

“கைய நல்லா காய வெச்சிக்கினு வாங்க.”