கேக்கின் மேல் எறும்பெழுத்து

டாக்டரம்மாவின் பரிசோதனை மேசையில், நோயாளி படுக்க வேண்டிய இடத்தில், ஒரு கேக் படுத்திருந்தது.

“படிச்சுப் பாருங்க டாக்டர்,” என்றாள் அதைக் கொண்டுவந்த இளம்பெண். அழுததில் மூக்கு நுனி சிவந்திருந்தது.

“அன்புள்ள...” டாக்டரம்மா நிறுத்தினாள். அதற்குப் பிறகு வெள்ளைக் கிரீமின் மேல் சாக்லேட் நிறத்தில் ஏதோ ஊர்ந்து போயிருந்தது. காது பார்க்கும் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தாள். “...மாமியாருக்கு?”

“பார்த்தீங்களா! உங்களுக்கே லைட் வேண்டியிருக்கு. ‘அன்புள்ள’ மட்டும் ஆனை சைஸ். ‘மாமியாருக்கு’ எறும்பு சைஸ். எங்க அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, ‘உன் மனசுல எனக்கு எவ்வளவு இடம்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு’ன்னு ரூமுக்குள்ள போனவங்கதான். இன்னும் கதவைத் திறக்கலை. எழுதினது உங்க வீட்டுக்காரர். நீங்கதான் வந்து சமாதானம் பண்ணணும்.”

வாசலில் நின்ற நர்ஸக்கா எட்டிப் பார்த்தாள். “அத்தைக்கு பிரஷர் இருந்தா கூட்டிட்டு வாம்மா, பார்க்கறோம். கேக்குக்கெல்லாம் இங்க வைத்தியம் இல்லை.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் கண் சுவரில் மாட்டியிருந்த பலகைக்குப் போயிற்று. க்ளினிக் திறந்த அன்று அவள் கணவர் தன் கையால் எழுதிக் கொடுத்த பலகை அது. ‘டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.’ ஒவ்வோர் எழுத்தும் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பன் மாதிரி உப்பி, பளபளவென்று இருந்தது. அந்தக் கையா இந்த எறும்பு வரிசையை எழுதியது?

அவள் கேக்கையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் பயமெல்லாம் போன மாதம் போய்வந்த ஒரு பயிற்சியால் வந்த வினை. குடும்ப டாக்டர்கள் நரம்பு நோய்களைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று ஒருநாள் முழுக்க வகுப்பு நடத்தினார்கள். தலைக்கு மேல் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியை வீடெல்லாம் தேடிவிட்டுப் போனதால் முதல் வகுப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. மற்றதையெல்லாம் ஒரு வரி விடாமல் கேட்டாள். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. கடையில் யாராவது சில்லறையைத் தவறவிட்டால் கையைப் பிடித்துப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்த ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தி, “பல்லைக் காட்டுங்க, புருவத்தைத் தூக்குங்க” என்று பதறினாள். அவர் கன்னத்தில் அடக்கியிருந்த மிட்டாயை எடுத்துக் காட்டினார்.

ஆனால் இது மிட்டாய் இல்லை. கை நடுங்கும், எழுத்து சிறுத்துப் போகும், முகத்தில் உணர்ச்சி வராது, நடக்கும்போது கை வீசாது, வாசனை தெரியாது. அந்தப் பட்டியலைச் சொன்னவர் கடைசியில் ‘பார்க்கின்சன்’ என்று பலகையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

அன்று மாலை அவள் கணவர் பேக்கரியிலிருந்து வந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தேநீர் கொடுத்தாள். அவர் கையில் கோப்பையும் தட்டும் கிடுகிடுவென்று ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

“என்னங்க, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இப்படித் தட்டுங்க. வேகமா.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“கல்யாணம் ஆனதிலேருந்து நீ எதையும் சும்மா சொன்னதில்லையே, டாக்டரே.”

தட்டினார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். போகப் போகச் சாவி தீர்ந்த பொம்மைபோல விரல்கள் மெதுவாகி நின்றன. அவள் இமைக்காமல் பார்ப்பதைப் பார்த்ததும் கை இன்னும் அதிகமாக நடுங்கியது.

“இன்னைக்கு ஒரு ஜோக்கு,” என்றார் பேச்சை மாற்ற. “ஒருத்தர் வந்து முட்டை போடாத கேக் இருக்கான்னு கேட்டார். எங்க கடையில எந்தக் கேக்கும் முட்டை போடாதுங்க, கோழிதான் போடும்னேன்.”

தன் ஜோக்குக்குத் தானே பாதியில் சிரித்துவிடுகிற மனிதர். இன்று முகம் சுவர் மாதிரி இருந்தது. டாக்டரம்மாவின் கண்ணில் நீர் முட்டியது.

“அவ்வளவு மோசமாவா இருக்கு?” மாஸ்டர் பயந்துபோனார். “ஏன்மா அழறே? உன்னை மாதிரி டாக்டர் வீட்டுல இருக்கும்போது எனக்கென்ன குறை? போன வருஷம் ஏணியில நிக்கும்போது தலை கிறுகிறுன்னு சுத்தி விழுந்தேனே. நீ பார்த்த வைத்தியத்துக்கு அப்புறம் ஒரு தடவையாவது சுத்துச்சா? கைராசிம்மா உனக்கு!”

அது காதுக் கோளாறு, யார் வேண்டுமானாலும் சரி செய்திருக்கலாம், இது அப்படியா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை இன்னும் பெரிதாக வந்தது.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போகும்போது கொஞ்சம் பின்தங்கித் தொடர்ந்தாள். வலது கை ஏதோ கொஞ்சம் அசைந்தது. இடது கை கொடியில் காயப்போட்ட சட்டைக் கைபோலத் தொங்கிற்று. பொறுக்க முடியவில்லை.

“கையை வீசி நடங்க!” என்று தெருவிலேயே கத்திவிட்டாள்.

மாஸ்டர் தன் மனைவி பேச்சைத் தட்டாதவர். அடுத்த நாள் அணிவகுப்பில் போகிற சிப்பாய்போல இரண்டு கையையும் வீசிக்கொண்டு கிளம்பினார். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கில் ஒரு வீச்சு விழுந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நேராக க்ளினிக்குக்கு வந்தார்.

“உங்க வீட்டுக்காரருக்கு என் மேல என்னம்மா கோபம்? முறைக்கக்கூட இல்லை. முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு அடிச்சிட்டுப் போறாரு!”

“கல்லு மாதிரியா?” டாக்டரம்மாவுக்கு மூக்கு முக்கியமாகப் படவில்லை. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கண்ணை எத்தனை தடவை சிமிட்டினார்?”

அவர் வேறு டாக்டரைத் தேடிப் போனார்.

கடைசியாக வாசனை. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்று அவர் மூக்கையே பார்த்தாள். பால் பொங்கியது, வழிந்தது, தீய்ந்தது. புகை கூடத்துக்கே வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட, “என்னங்க அங்க தீயுது?” என்று குரல் கொடுத்தார். மாஸ்டர் பக்கத்தைப் புரட்டினார்.

அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அவள் முடிவுக்கு வந்துவிட்டாள்.

அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று ஒரு பெட்டி நிறைய எழுத்து அச்சுகள் வாங்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். கிரீமின் மேல் அழுத்தினால் போதும், எல்லா எழுத்தும் ஒரே அளவில் விழும். மாஸ்டர் அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்தார்.

“இனிமே நான் எழுத வேண்டாமா?”

“உங்களுக்குச் சுலபமா இருக்கட்டுமேன்னுதான்...”

“எழுத்தை எடுத்துட்டா நான் வெறும் மாவு பிசையற ஆள்தானேம்மா?”

படிக்கிற காலத்தில் விடுதித் தோழிக்குக் கேக் வாங்க இதே கடைக்கு வந்தவள் அவள். கூடவே ஒரு சின்னக் கேக்கை இலவசமாக நீட்டினார் இந்த மனிதர். ‘டாக்டருக்கு உடம்பு எப்படி இருக்கு?’ என்று அதன் மேல் எழுதியிருந்தது. மற்றவர்கள் காதலுக்குக் கடிதம் எழுதினார்கள், இவர் கேக் எழுதினார். அதன்பின் ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அதே கேக், அதே கேள்வி வரும். அடுத்த கல்யாண நாளைக்கு அச்சிலா கேட்பார்?

இனித் தள்ளிப்போட முடியாது. நரம்பு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆனால் மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னால் மனிதர் இடிந்துபோவார். ஒரு பொய் தயார் செய்தாள்.

“என்னங்க, எனக்குக் கொஞ்ச நாளா விரலெல்லாம் மரத்துப் போற மாதிரி இருக்கு. நரம்பு டாக்டர்கிட்ட போகணும். துணைக்கு வர்றீங்களா?”

மாஸ்டர் சட்டென்று எழுந்தார். “வாம்மா, நாளைக்கே போயிடலாம். நானே எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவர் ஏன் தவிக்க வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

நரம்பு மருத்துவர் அவளோடு ஒன்றாகப் படித்தவர். அந்தக் காலத்தில் முழங்கால் தட்டும் சுத்தியலைச் சாப்பாட்டு மேசைக்குக்கூட எடுத்து வருவார் என்பதால் ‘சுத்தியல்’ என்றே பேர் நிலைத்துவிட்டது. போன மாதப் பயிற்சியை ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

“வா, வா. யாருக்கு உடம்பு சரியில்லை?”

“இவருக்கு,” என்று டாக்டரம்மா கணவரைக் காட்டினாள்.

“இவளுக்கு,” என்று மாஸ்டர் மனைவியைக் காட்டினார்.

இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“சார், நான் சொல்றேன்,” மாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இவ போக்கே சரியில்லை. தெருவுல ஒளிஞ்சு ஒளிஞ்சு என் பின்னாடி வர்றா. ஜோக் சொன்னா அழறா. போன ஞாயித்துக்கிழமை அடுப்புல பால் தீயுது, கதவோரமா நின்னு என் மூக்கையே பார்த்துக்கிட்டு இருக்கா!”

“உங்களுக்குத் தீயற வாசனை தெரிஞ்சுதா?” டாக்டரம்மா துள்ளி எழுந்தாள்.

“தெருவுக்கே தெரிஞ்சுதே.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?”

“நீ தீய்ச்ச பாலைப் பத்தி நான் வாயைத் திறந்து, என்னைக்காவது நிம்மதியாச் சாப்பிட்டிருக்கேனா?”

சுத்தியல் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாஸ்டரைப் பரிசோதித்தார். விரல் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டினார், ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுத்து ஆனையாகத் தொடங்கி எறும்பாக முடிந்தது. சுத்தியலின் சிரிப்பு மறைந்தது. டாக்டரம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மாஸ்டருக்கு இப்போதுதான் உறைத்தது. “எனக்குத்தானா?” என்று மெதுவாகக் கேட்டார். “இனிமே எழுத முடியாதா சார்?”

“அவசரப்படாதீங்க மாஸ்டர். வாசனை நல்லாத் தெரியுதுங்கறதுதான் இடிக்குது.” சுத்தியல் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். “சோதனையெல்லாம் அப்புறம், முதல்ல ஒரு கேள்வி கேளுங்கன்னு முதல் வகுப்புலயே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. அவரைக் கேட்டியா?”

“முதல் வகுப்பா? அன்னைக்கு... கண்ணாடியைத் தேடிக்கிட்டு...”

“நான் கேட்கறேன். மாஸ்டர், மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

“ஓ!” மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, பரிசு வாங்கிய பிள்ளைபோல நீட்டினார். நடுங்கும் கையில் அது கிலுகிலுத்தது. “ஏணியிலேருந்து விழுந்ததிலேருந்து சாப்பிடறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.”

டாக்டரம்மா பெயரைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினாள். கைப்பையில் இல்லை. மடியில் இல்லை.

சுத்தியல் அட்டையைத் திருப்பிப் பார்த்து மூச்சை விட்டார். “தலைசுத்தலுக்குக் கொடுக்கறது. கொஞ்ச நாள் போட்டா நல்ல மருந்து. மாசக்கணக்கா விழுங்கினா இந்த நடுக்கம், இந்த முகம், இந்த எறும்பெழுத்து எல்லாத்தையும் இதுவே கொண்டுவந்துடும். பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும். நிறுத்திட்டா சில மாசத்துல கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகணும். அப்புறம் வாங்க, மறுபடி பார்த்துடலாம். பழையபடி எழுதுவீங்க மாஸ்டர்.”

டாக்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் முகமெல்லாம் சூடாயிற்று.

“ஆனா ஒண்ணு,” சுத்தியல் மேசையைத் தட்டினார். “எழுதிக் கொடுத்துட்டு நிறுத்தச் சொல்லாம விட்ட அந்தப் புண்ணியவான் யாருன்னு எனக்குத் தெரியணும்!”

மாஸ்டர் தன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைமேல் இருந்த கண்ணாடியை மட்டும் ஒரு கணம் பார்த்தார். முகத்தில்தான் சிரிப்பு வரவில்லை, குரல் முழுக்க இருந்தது.

“எங்க பக்கத்துல ஒரு டாக்டரம்மா சார். ரொம்பக் கைராசி. அவங்க சொல்லாம மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு போர்டே வச்சிருக்காங்க. நான்தான் எழுதிக் கொடுத்தேன். பாவம், சொல்றதுக்குத்தான் மறந்துட்டாங்க.”