சார்ஜ் கேட்காத மெஷின்

"இன்னும் எவ்ளோ நேரம் குளிப்பீங்க? தண்ணி சத்தமே வரலியே" என்று செல்வநாயகி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

அவள் கணவர் மாணிக்கவேல் குளிக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஏறி நின்று, வென்டிலேட்டர் வழியாகப் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில், பீங்கான் கம்பெனி முதலாளி செய்கிற காரியம் இல்லைதான். ஆனால் பொறாமை வந்துவிட்டால் வாளியும் சிம்மாசனம்தான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தமிழ்ச்செல்வன் படித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா கொளஞ்சிநாதன், பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போடுகிறவர். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் பையனுக்கு மருத்துவம் கிடைத்தது. மாணிக்கவேலின் மகள் வெண்பாவுக்கும் அதே கல்லூரி, அதே வகுப்பு. அதைக்கூட மாணிக்கவேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஜீரணித்துவிட்டார். முதல் டெஸ்ட்டுக்குப் படிக்க இரண்டு பிள்ளைகளும் பத்து நாள் லீவில் ஊருக்கு வந்தபோதுதான் வினை பிடித்தது.

தமிழ்ச்செல்வன் மடியில் வெள்ளையாக, பளபளவென்று, கறுப்பு உறைக்குள் ஒன்று இருந்தது. அதில் பேனாவால் எதையோ வரைந்தான். சிவப்பு வந்தது, நீலம் வந்தது. கட்டைவிரலால் ஒரு தேய். அத்தனையும் போயே போய்விட்டது. மறுபடி வரைந்தான்.

விருத்தாசலத்துச் சூளைகளில் ஆயிரத்து இருநூறு டிகிரி வரை சூடு ஏறும். அன்றைக்கு மாணிக்கவேலின் வயிற்றுக்குள் நாலு டஜன் டீக் கோப்பைகளை அடுக்கியிருந்தால் மெருகோடு வெந்து வந்திருக்கும். ஒன்றுகூட விரிசல் விட்டிருக்காது.

"எடை போடறவரு புள்ளைக்கு அப்பேர்ப்பட்ட மெஷினு. நம்ம பொண்ணு இன்னும் நோட்டுல கிறுக்கிக்கிட்டு இருக்குது" என்றார், குளிக்காமலே வெளியே வந்து.

"அவ ஒரு மாசமா தொட்டு எழுதற டேப்பு கேக்கறா. நீங்கதான் பாக்கலாம் பாக்கலாம்னீங்க."

வெண்பா ஏற்கெனவே ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தாள். வகுப்பு நேரம், டெஸ்ட் தேதி, பாடக் குறிப்பு, எலும்புப் படம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவைக்க, கோட்டுப் பையில் அடங்குகிற சின்னது. பெயரைச் சீட்டில் எழுதியும் கொடுத்தாள். மாணிக்கவேல் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதை எடுத்துப் பார்க்காமலே ஜங்ஷன் ரோட்டில் திலீபனின் செல்போன் கடைக்குள் நுழைந்தார்.

"டாக்டருக்குப் படிக்கிற பொண்ணுக்கு. பேனாவால எழுதணும். கட்டவெரலால தொடச்சா அழியணும்."

"அழிக்கலாம் சார். செட்டிங்ஸ்ல போயி..."

"செட்டிங்ஸெல்லாம் போவக் கூடாது. சும்மா தொடச்சா போவணும். சார்ஜும் போடக் கூடாது. மூணு நாளா பாக்கறேன், அவன் ஒயரே சொருவல."

"எவன் சார்?"

"அது ஒனக்கெதுக்கு? இருக்குதா, இல்லையா?"

"சார்ஜ் போடாத மெஷினு வந்துச்சின்னா நான் ஏன் சார் இந்த வெயில்ல ஒக்காந்து சார்ஜர் வித்துக்கிட்டு இருக்கேன்" என்றான் திலீபன்.

கடைசியில் கடையிலேயே பெரிய டேப் ஒன்றை வாங்கினார். அது கோட்டுப் பையில் அடங்காது. கோட்டுதான் அதற்குள் அடங்கும் போலிருந்தது. வெண்பா இரண்டு நாள் உட்கார்ந்து தன் நோட்டுகளில் இருந்ததை எல்லாம் அதில் எழுதி முடித்தாள். முடித்ததும் மாணிக்கவேல் அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். அதுவும் கொளஞ்சிநாதன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "நம்ம வூட்ல இனிமே பேப்பரே கெடயாதுப்பா" என்று உரக்கச் சொல்லிப் போட்டார்.

"மெயில்ல ஒரு காப்பி போட்டு வெச்சிக்கறேம்பா" என்றாள் வெண்பா.

"மெயிலு கியிலு வேணாம். காத்துல போறத அந்தப் பய புடிச்சிடுவான்."

மறுநாள் காலையிலிருந்து மின்தடை. மதியத்துக்குள் டேப் கண்ணை மூடிவிட்டது. மாணிக்கவேல் வாளி மேல் ஏறினார். அந்தப் பக்கம் தமிழ்ச்செல்வன் வரைகிறான், அழிக்கிறான், வரைகிறான். கரண்ட் போனது அவனுக்கும் தெரியாது, அவன் மெஷினுக்கும் தெரியாது.

சாயங்காலம் கொளஞ்சிநாதன் வேலை முடிந்து வந்து பைக்கை நிறுத்தும்போது, மாணிக்கவேல் தற்செயலாகப் போவதுபோல நாலாவது தடவையாக அந்த வழியே போனார்.

"தம்பி ஒண்ணு வெச்சிக்கிட்டு எழுதுதே, அது எந்தக் கம்பெனிங்க?"

கொளஞ்சிநாதனின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒங்களுக்குத் தெரியாத கம்பெனியா மொதலாளி" என்று தலையைச் சொறிந்துகொண்டே சட்டென்று உள்ளே போய்விட்டார்.

"பாத்தியா திமிர?" என்றார் மாணிக்கவேல் மனைவியிடம். "பேரச் சொன்னா நாமளும் வாங்கிடுவோம்னு பயம்."

மறுபடி திலீபன். பெரிய டேப்பை எடுத்துக்கொண்டு, பத்து நாள் சார்ஜ் நிற்கிற வேறொன்றைக் கொடுத்தான். குறிப்புகளையும் அதற்கு மாற்றிக் கொடுத்தான். பார்க்கக் காகிதம் மாதிரியே இருந்தது. ஆனால் கறுப்பு வெள்ளை.

"அப்பா, ஆர்ட்டரி செவப்பு, வெயின் நீலம். இதுல எல்லாமே சாம்பலா இருக்குது. இத வெச்சிப் படிச்சா கைய அறுக்கச் சொன்னா கால அறுத்துடுவேன்."

"ரெண்டு நாளு அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"திங்கக்கிழம டெஸ்ட்டு. நீங்க சீட்டுல இருக்கறத வாங்கிக் குடுத்திருந்தா இந்நேரம் ரெண்டு தடவ படிச்சி முடிச்சிருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலையில் வாளி மேல் நின்றவர் கீழே விழப்பார்த்தார். தமிழ்ச்செல்வன் தன் மெஷினை உறையிலிருந்து உருவி எடுத்து, குழாயடியில் வைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி, லுங்கியில் துடைத்து, வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு இட்லி தின்னப் போனான்.

கடையைத் திறக்க வந்த திலீபனுக்கு முன்னாலேயே மாணிக்கவேல் வாசலில் நின்றார்.

"தண்ணி தாங்கணும்."

"கலர்ல, தண்ணி தாங்கறது ஒண்ணு இருக்குது சார். ஆனா தூறல் பட்டா தாங்கும். அவ்ளோதான்."

'தாங்கும்' வரைக்கும்தான் மாணிக்கவேலின் காதில் விழுந்தது. குறிப்புகள் மூன்றாவது முறையாக வீடு மாறின; பழையதைத் திலீபன் வாங்கி மொத்தமாக அழித்துவிட்டான்.

சனிக்கிழமை காலை வெண்பா சாப்பிட உட்கார்ந்தாள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கொளஞ்சிநாதனின் மனைவி விருத்தாம்பாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மாணிக்கவேல் புதுக் கருவியைக் குழாயடிக்குக் கொண்டுபோனார். பாத்திரம் தேய்க்கிற சோப்பை எடுத்தார்.

"தெனம் கழுவுனாத்தான் சுத்தமா இருக்குது" என்றார், சுவரைப் பார்த்து.

நன்றாகத்தான் நுரைத்தது. பிறகு வழுக்கியது. செல்வநாயகி துணி ஊறவைத்திருந்த அண்டாவுக்குள் போய், கால்சட்டைகளுக்கு அடியில் படுத்துக்கொண்டது. அவர் தேடி எடுத்தபோது திரை பச்சையானது, ஊதாவானது, இருண்டது. கடைசியாக அதன் வாயிலிருந்து ஒரு குமிழி வந்ததாகச் செல்வநாயகி இன்றைக்கும் சொல்கிறாள்.

வெண்பா எச்சில் கையோடு வந்து பார்த்தாள்.   படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுலதாம்பா எல்லாமே இருந்துச்சி. நோட்டயும் போட்டுட்டீங்க. நான் திங்கக்கிழம போவல."

"போவலன்னா?"

"என்னாத்தப் படிச்சிட்டுப் போறது?"

மாணிக்கவேலின் வயிற்றில் இத்தனை நாள் எரிந்த சூளை பொசுக்கென்று அணைந்தது. மகளுடைய கலங்கிய கண்ணைப் பார்க்க முடியாமல் அண்டாவைப் பார்த்தார்.

"அங்க என்னா பாக்கறீங்க?" என்றாள் செல்வநாயகி. "போயி அந்தப் புள்ளகிட்ட நோட்ஸ் கேளுங்க. அதான் ஒலகத்துல இல்லாத மெஷினு வெச்சிருக்கானே, அதுல எல்லாம் இருக்கும்."

குழாயடியிலிருந்து மதில் சுவர் பத்தடி. அந்தப் பத்தடியை நடப்பதற்குள் மாணிக்கவேலுக்கு ஒரு வயது கூடிவிட்டது. என்ன இருந்தாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். மகளுக்காக. அவர் வாயைத் திறப்பதற்குள், விருத்தாம்பாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சுவரோரம் வந்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, மொத தடவ கேக்காமத்தான் எடுத்துட்டு வந்துட்டான்... எம்புள்ள எழுதிப் படிச்சிக்கிட்டு இருந்தது இன்னிக்கிக் கழுவறப்ப ஒடஞ்சிப் போச்சி, ஒங்க கம்பெனி வாசல்ல வளஞ்சிப்போச்சின்னு கொட்டிக் கெடக்கற டைல்ஸுல இன்னொண்ணு எடுத்துக்கட்டுங்களா?"