ராஸ்கல் என்பது பிரெஞ்சு வார்த்தை

இராசிபுரம்,
28-7-1931

சிரஞ்சீவி மைத்துனன் வீரபாகுவுக்கு, மச்சான் தண்டாயுதபாணி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காள் முத்தாயம்மாளும் தறிகள் நான்கும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை. புதுச்சேரியில் உன் மில் வேலையும் உடம்பும் எப்படி என்று பிறகு எழுதலாம். முதலில் நான் கேட்பதை எழுது.

விஷயம் இதுதான், மாப்பிள்ளை. நம் நெசவாளர் சங்கத்தில் போன மாசம் ஒரு தீர்மானம் போட்டோம். கூட்டத்தில் எவன் வாயிலிருந்து இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் அவனுக்கு இந்த ஆடித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் பரிவட்டம் கிடையாது. தீர்மானம் கொண்டுவந்த மகானுபாவன் நான்தான். இந்த வருஷப் பரிவட்டம் என் வீட்டு முறை என்பதும், பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்தத் துணி என் தலைக்கு வரும் என்பதும், உன் அக்காள் அதற்காகப் புதுச் சேலை எடுத்து வைத்திருப்பதும் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், எனக்கு அடுத்த முறைக்காரன் தங்கமுத்து எழுந்து, "அண்ணன் போட்ட சாயம் ஒரே துவைப்புல போயிருதுங்க" என்றான். நான், "உட்கார்றா ராஸ்கல்" என்றேன். திட்டு வாங்கினவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே சேலத்துக்கு ஓடினேன். அங்கே பிரெஞ்சுப் பாதிரியார் பங்களாவில் சமையல் செய்யும் பாக்கியநாதன் நம்மிடம் துண்டு வாங்குகிறவன். அவன் மூலம் பாதிரியாரிடம் கேட்டேன். மாப்பிள்ளை, அந்த ராஸ்கல் இங்கிலீஷ்காரனே இல்லை. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரான்சிலிருந்து ஒருவன் படையோடு போய் இங்கிலீஷ்காரனை அடித்துவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டானாம். கோர்ட்டு, ஜட்ஜ், ஜெயில், ஆபீசர் எல்லாம் அந்தக் கூட்டத்தார் பாஷை கொடுத்தவை. ஆடு மேய்த்தவன் இங்கிலீஷ்காரன், தின்றவன் பிரெஞ்சுக்காரன். அதனால் மேச்சேரி ஆடு மந்தையில் நிற்கும்வரை ஷீப், குழம்பில் இறங்கினால் மட்டன். ராஸ்கலும் அந்த வழியாக வந்தவன்தானாம். நம்மை ஆள்கிறவனையும் ஒருத்தன் ஆண்டு, அவன் வாயில் தன் வார்த்தையைத் திணித்திருக்கிறான் என்று கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

சங்கத்தில் வந்து சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். தலைவர் கைலாசம் மட்டும், "நாக்கு பிரெஞ்சு பேசுச்சு, ஒத்துக்கறேனுங்க. திட்டறப்போ அது பிரெஞ்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? தெரியும்னா அம்மன் முன்னால கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போடுங்க" என்றார். அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. ஆகையால், சித்திரையில் நான் புதுச்சேரி வந்திருந்தபோது நீயே அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்த மாதிரி, சித்திரைத் தேதி போட்டு ஒரு கடிதம் எழுது. நீ இருப்பது பிரெஞ்சுக்காரன் ஊர், அதனால் கற்பூரம் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். வந்ததும் தபால் முத்திரையை நான் கொஞ்சம் தேய்த்துவிடுகிறேன். அடுத்த புதன் திருவிழா; அதற்குள் வந்து சேர வேண்டும். ஒரே ஒரு பொய்தான், அதுவும் தூரத்திலிருந்து வருகிற பொய்.

உன் வீட்டுப் பக்கம் காய்ச்சல் தலைவலி எட்டிப் பார்க்காமல் மாரியம்மன் காப்பாளாக.

உன் மச்சான்,
தண்டாயுதபாணி

பி.கு.: நீ ஒன்றும் எழுத வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் உன் அக்காள் வாங்கிப் படித்துவிட்டாள். "அந்தத் துணியக் கட்டிட்டு அம்மன் மூஞ்சிய எப்படிங்க பார்ப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, சேலையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். எனக்குத் தாங்கவில்லை. சங்கத்தைக் கூட்டச் சொல்லி, இங்கிலீஷ் என்று நினைத்துத்தான் திட்டினேன் என்று ஒப்புக்கொண்டேன். பரிவட்டம் தங்கமுத்துவுக்கு என்றார் கைலாசம். தங்கமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் கலைவதற்குள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸுங்கண்ணா" என்றான். சேலத்துக்கு ஆள் அனுப்பிப் பாதிரியாரிடம் விசாரித்தாகிவிட்டது. தேங்க்ஸில் ஒரு சொட்டுக்கூடப் பிரெஞ்சு இல்லையாம். பரிவட்டம் மறுபடி என் தலைக்கே; உன் அக்காள் பெட்டியைத் திறந்து சேலையை வெளியே எடுத்துவிட்டாள். புதன்கிழமைக்குள் குடும்பத்தோடு வந்து சேர்.