ஒரு நாளும் லீவு போடாதவன்

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி ஒரு ஆபீசையே கவிழ்க்கப் பார்த்தவன், எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. அப்புறம் முப்பத்தைந்து வருசம் பீளமேட்டில் ஒரு நூல் மில். மில்லை மூடினார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். கூட்டுவது, டீ வைப்பது, கதவைப் பூட்டுவது என் வேலை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், குப்பையைப் பிரிக்கவும் தண்ணீரை மிச்சம் பிடிக்கவும் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வேலை.

ஒரு நாள் நிறுவனத்தை நடத்துகிற சுமதி மேடம் எல்லாரையும் உட்கார வைத்தார்.

"ஊருக்குச் சொல்றதை மொதல்ல நம்ம ஆபீஸ்ல செய்யோணும். இல்லீன்னா நம்ம பேச்சை எவன் கேப்பான்?"

அன்றிலிருந்து ஆபீஸ் மாறியது. தண்ணி பாட்டில் போனது, சொம்பு வந்தது. மூன்று நிறத்தில் குப்பைக் கூடை. மொட்டை மாடியில் உரத் தொட்டி. தாளில் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். இது பாதி. மீதிப் பாதி ஆட்களுக்கு. மேனேஜருக்கு எத்தனை நாள் லீவோ கூட்டுகிறவருக்கும் அத்தனை நாள். எட்டு மணி நேரம்தான் வேலை. குப்பையைத் தொடுகிறவருக்குக் கையுறை. படுத்து ஓய்வெடுக்கக் கட்டில். குறையை எழுதிப் போட ஒரு பெட்டி. (கூட்டுகிறவரும் குப்பையைத் தொடுகிறவரும் நான்தான். ஒரே ஆள்.)

முதல் பாதி எனக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டாம் பாதி வேறு யாருக்கோ என்று விட்டுவிட்டேன்.

மில் பழக்கம் அது. வருசம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவனை ஆயுத பூஜை அன்று மேடைக்குக் கூப்பிட்டு எவர்சில்வர் அண்டா கொடுப்பார்கள். நான் ஒன்பது அண்டா வாங்கியவன். (வீட்டில் மூன்று பேர். ஆளுக்கு மூன்று அண்டா.) நான் வாங்கிய பட்டம் என்றால் அவ்வளவுதான்.

பள்ளி வேலைக்கு உதவி செய்கிற அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. சொல்வதை நாங்களே கடைப்பிடிக்கிறோமா என்று பார்க்க ஆள் வரும். சரி என்று எழுதினால் உதவி தொடரும். இல்லாவிட்டால் பதினோரு பேரும் வீட்டுக்கு. எனக்கு ஒரு கதவு ஏற்கனவே மூடியாயிற்று. ஐம்பத்துமூன்று வயசில் இன்னொரு கதவு தாங்காது.

மேடம் சொன்னார்: "வேலுச்சாமியண்ணா, உங்ககிட்டத் தனியாப் பேசுவாங்க. பயப்படாதீங்க. இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லுங்க."

"சரீங்க" என்றேன்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. எல்லாம் உரத் தொட்டியை நினைத்து. உள்ளே புழு இருக்கும். புழு இருந்தால் நல்ல உரம். வருகிறவருக்கு அது தெரிய வேண்டுமே. நாறுகிறது என்று எழுதிவிட்டால்? மணிக்கொரு தரம் தொட்டிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தேன். கடைசியில் எதை மோந்தாலும் அதே வாசம். என் வீட்டுக்காரி சரசு வைத்த ரசம் உட்பட. (அவளிடமே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.)

வந்தது ஒரு இளவயசு அம்மணி. கையில் நோட்டு, காதில் பேனா. கூடையைக் கிளறினார். உரத்தைக் கையில் அள்ளி மோந்தார். "அருமையா இருக்கு" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த கோட்டுப் படத்தை மேடம் காட்டினார். கரண்ட் பில் மாசா மாசம் இறங்குகிற கோடு. "லைட்டை மாத்தினோம். எல்லாரும் சிக்கனமாப் பழகிட்டாங்க." அந்த அம்மணி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"உக்காருங்கண்ணா."

"பரவால்லீங்க."

"ஐயோ, உக்காருங்க."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். மில்லுக்கு ஆபீசர் வந்தால் "ஒரு குறையும் இல்லீங்க" என்று மட்டும் சொல்லச் சொல்வார்கள். இங்கே மேடம் எதையும் சொல்லித் தரவில்லை. பதினோரு பேர் பிழைப்பு என் நாக்கில். நம்மைப் பற்றி இருக்கிற நல்லதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

"வருசத்துக்கு எத்தனை நாள் லீவு எடுக்கறீங்க?"

காத்திருந்த கேள்வி. "ஒரு நாளும் இல்லீங்க. நாலு வருசமா."

"தர மாட்டேங்கறாங்களா?"

"தருவாங்க. நான் அதைத் தொடறதில்லீங்க."

"உடம்பு சரியில்லைன்னா?"

"சிக்குன்குனியா வந்தப்பவே வந்தனுங்க. ஒரு கையில செவுத்தைப் புடிச்சுட்டு ஒரு கையில கூட்டிப்போட்டேன்."

பேனா நின்றது. மனசைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். (தொட்டது வாஸ்தவம்தான்.)

"காலைல எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஆறுக்குங்க. உரத்தைக் கிளறோணுமே."

"போறது?"

"எட்டாயிருமுங்க. எல்லாரும் போன பொறகு ஒவ்வொரு சுச்சா அணைச்சுப்போட்டுத்தான் போவேன். கரண்ட் வீணாகக் கூடாது பாருங்க."

"கையுறை குடுத்திருக்காங்களா?"

"ரண்டு சோடிங்க. பீரோவுல பத்திரமா இருக்குது. கவர்கூடப் பிரிக்கலை."

"ஓய்வெடுக்கக் கட்டில்?"

"அதுல பழைய பேப்பர் அடுக்கியிருக்கறனுங்க. கீழ வெச்சா கரையான் அரிச்சுப்போடும்."

"குறை எழுதிப் போடற பெட்டி?"

"சாவி என்கிட்டத்தானுங்க. பெட்டிக்குள்ள ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கேன். இந்த ஆபீஸ்ல ஒரு ரப்பர் பேண்டு குப்பைக்குப் போகாதுங்க."

அம்மணி ஒரு பெருமூச்சு விட்டார். இன்னும் போதவில்லையோ என்று பயம் வந்தது. கடைசியாக ஒன்று கைவசம் இருந்தது. அதையும் போட்டேன்.

"மேடம் ஒரு கோடு காட்டினாங்கல்லங்க? அதுல பாதி நானுங்க. தண்ணிக்கு மோட்டாரே போடறதில்லை. கீழ குழாயில புடிச்சு ரண்டு மாடிக்கும் குடத்துல தூக்கிருவேன். நாளைக்குப் பதினஞ்சு கொடம்."

"யாரு தூக்கச் சொன்னாங்க?"

"யாருஞ் சொல்லலீங்க. மேடத்துக்கே தெரியாது. சொல்லிக் காட்டற பழக்கமில்லீங்க நமக்கு."

நோட்டை மூடினார். "நன்றிங்கண்ணா" என்றார். கண் கலங்கியிருந்தது. அண்டா வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை.

வெளியே மேடம் நின்றிருந்தார். "எப்படிப் போச்சுங்கண்ணா?"

"கவலையை விடுங்க. ஒண்ணு விடாமச் சொல்லிப்போட்டேன்."

இருவரும் கண்ணாடிக் கதவுக்குள் போனார்கள். ஒரு மணி நேரம் வரவில்லை. மேடத்தின் முகம் மட்டும் தெரிந்தது. அது போகப் போகச் சுருங்கியது. தாங்க முடியாமல் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அண்ணா, நீங்க குடத்துல தண்ணி தூக்கறீங்களா?"

"ஆமாங்க."

"மோட்டார் ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. நல்லா ஓடும்."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கோட்டை எத்தனை மீட்டிங்ல காட்டியிருக்கேன் தெரியுமா..."

அந்த அம்மணி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. தட்டு சாய்ந்து டீ சிந்தியது. துடைக்கத் துணி தேடினேன். "விடுங்கண்ணா!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

முடிவு சாயங்காலம் தெரிந்தது. குப்பை, உரம், தாள் எல்லாம் பாஸ். ஆட்களை நடத்துவதில் ஃபெயில். மூன்று மாசத்தில் திரும்ப வருவார். அப்போதும் இப்படியே இருந்தால் உதவி நிற்கும். என்னைப் பற்றி எழுதியிருந்ததை மேடம் வாசித்துக் காட்டினார். அவ்வளவு பாவமாக என்னைப் பற்றி யாரும் எழுதியதில்லை. கேட்கக் கேட்க எனக்கே அந்த ஆள் மேல் இரக்கம் வந்தது.

யாரும் திட்டவில்லை. பத்துப் பேரும் வரிசையாக வந்து "பரவால்லீங்கண்ணா" என்றார்கள். மில்லாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி முடித்திருப்பார்கள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் போனேன்.

"நாளையிலிருந்து பத்து நாள் லீவு எடுத்துக்குங்க. சம்பளம் உண்டு."

"பத்து நாளுங்களா? அவ்வளவு பெரிய தப்பாங்க?"

"லீவு தண்டனை இல்லீங்கண்ணா." அறிக்கையை மூடி வைத்தார். "தப்பு என்னோடது. எட்டு மணி நேரம்னு எழுதி செவுத்துல ஒட்டினேன். நீங்க எப்ப வாறீங்க, எப்பப் போறீங்கன்னு ஒரு நாளும் பாக்கலை."

குறைப் பெட்டியின் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

லீவில் முதல் நாள் ஆறு மணிக்கு எங்கள் தெருவைக் கூட்டினேன். இரண்டாம் நாள் பக்கத்துத் தெரு. மூன்றாம் நாள் சரசுவின் சமையல்கட்டுக்குள் போய் டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினேன். சாயங்காலம் உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைப் போட்டுவிட்டாள்.

"ஏனுங்க, உங்க மேடத்துக்கு நான் போன் பண்ணட்டுங்களா? நீங்க வேலைக்குப் போனாத்தான் எனக்கு லீவு."

திரும்பிப் போனதும் கையுறை போட்டேன். (விரல் ஐந்தும் வேர்க்கும்.) மோட்டார் ஓடியது. என் நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றி, உரம் கிளற ஆளுக்கொரு நாள் முறை வைத்தார்கள். ஆறடித்தால் மேடமே வாசலில் நின்று என்னை வெளியே அனுப்பினார். கரண்ட் பில் கோடு மேலே ஏறியது. ஏறிய கோட்டையும் சுவரில் ஒட்டி, ஏன் ஏறியது என்று கீழே எழுதி வைத்தார்.

மூன்று மாசம் கழித்து அம்மணி வந்தார். கதவு சாத்தப்பட்டது.

"லீவு எடுத்தீங்களா?"

"பத்து நாளுங்க."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். பதினோரு பேரும் அங்கேயேதான் இருக்கிறோம்.

போன வருசம் என் மகளைப் பெண் பார்க்கப் பவானியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பொண்ணு ஊட்டு வேலையெல்லாம் செய்யுமுங்களா?"

இருக்கறதை இருக்கற மாதிரி சொல்ல வாயைத் திறந்தேன். சரசு குறுக்கே விழுந்தாள்.

"அவரைக் கேக்காதீங்க. அவரு இன்னிக்கு லீவு."

உள்ளே மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வந்தவர் ஒன்றும் புரியாமல், "ஞாயித்துக்கெழமை எல்லாத்துக்கும் லீவுதானுங்களே" என்றார். நான் திறந்த வாயில் ஒரு பஜ்ஜியை வைத்து மூடிக்கொண்டேன். கல்யாணம் நிச்சயமானது.

இப்போது மாப்பிள்ளையும் கற்றுக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்து என்னிடம் எதைக் கேட்டாலும் அவர்தான் முந்திக்கொள்கிறார்.

"மாமா லீவுங்க."