நாக்கில் வைத்த மண்

இளங்கோ மொபெட்டோடு விழுவது புதிதல்ல. மலைப்பாதையின் அந்த வளைவைக் கண்டாலே அவனுக்கு அப்படித்தான். இந்தமுறை ஊர் மண்ணும் சேர்ந்து விழுந்ததுதான் வம்பு. வீட்டுக்கு ஒரு மஞ்சள் துணியில், பெயரெழுதி, அவரவர் விளைகாட்டு மண்ணை முடிந்து அவனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். முடிச்செல்லாம் அவிழ்ந்து மண் பள்ளத்தில் போய்விட்டது. இளங்கோ யோசித்தான். யோசிப்பது அவனுக்கு ஒத்துவராது என்று மனைவி அத்தாயி பலமுறை எச்சரித்திருக்கிறாள். ரோடு போடக் கொட்டியிருந்த கிராவல் குவியலிலிருந்து எல்லா முடிச்சையும் நிரப்பிக்கொண்டு கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

தேவனூர் நாட்டு மலையூர்களெல்லாம் அங்கே திரண்டிருந்தன. மண்வாக்குச் சித்தர் வந்திருக்கிறார் அல்லவா! மரவள்ளிக் கிழங்கு விரல் பருமனுக்குச் சூம்பிப்போன காரணத்தை, மண்ணை நாக்கில் வைத்தே சொல்லிவிடுவாராம். மண் பரிசோதனை ஆபீசில் நாளாகும். இங்கே எச்சில் ஊறும் நேரம்தான்.

சித்தர் சின்னக்கண்ணுவின் மண்ணை நக்கினார். "கன்னித்தெய்வக் கோபம். வேலியோரத்து சில்வர் ஓக் மரத்துல குடியிருக்கு. வெட்டணும்."

"எங்க ஊட்டு மண்ணு எப்புடிங்க சாமி?" என்றாள் அத்தாயி.

"முனி. கரையில நிக்கிற பலாமரத்துல. வெட்டணும்."

ஊரிலுள்ள எல்லாக் கோபமும் மரத்திலேயே குடியிருந்தது. மரம் ஏற்ற ஒரு லாரியும், தற்செயலாகத்தான், வந்து நின்றது. லாரிக்காரர் போனவாரமே காடு காடாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதும் தற்செயல்தான்.

இளங்கோ லாரியை ஒருமுறை பார்த்தான். அந்தப் பலா மிளகுக்கொடி ஏறிய மரம். கிழங்கு பொய்த்த வருஷமெல்லாம் அடுப்பெரிந்தது அதனால்தான். உண்மையைச் சொன்னால் ஊர் உதைக்கும். சொல்லாவிட்டால் மரம் போகும்.

"அத்தனையும் ரோட்டு மண்ணுங்க. வண்டி கவுந்துருச்சு. நாந்தான் அள்ளிப் போட்டேன்" என்றான்.

"சாமிகிட்டயே வெளாட்டாடா?" சின்னக்கண்ணு அவன் சட்டையைப் பிடித்தார்.

"இருங்கண்ணா" என்று அத்தாயி குறுக்கே வந்தாள். "இந்த மனுசன் பேச்சை நானும்தான் நம்ப மாட்டேன். பாத்துருவோம், வாங்க."

சின்னக்கண்ணுவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனாள். ஒரே பிடி மண்ணை இரண்டு முடிச்சாகக் கட்டி எடுத்துவந்தாள்.

"இது எங்கம்மா காடுங்க சாமி. இது மாமியா காடு."

சித்தர் இரண்டையும் நக்கினார். அம்மா காட்டில் லட்சுமி இருந்தாள். மாமியார் காட்டில் சுடுகாட்டுப் பேய்.

சின்னக்கண்ணு இளங்கோவின் சட்டையை விட்டுவிட்டுச் சித்தரின் சட்டையைத் தேடினார். சித்தர் சட்டை போடுவதில்லை. லாரி அவரை விட்டுவிட்டே மலையிறங்கியது.

கூட்டம் கலைந்தபின் இளங்கோ அவருக்கு வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தான். என்ன இருந்தாலும் ரோட்டு மண் தின்றவர்.

"பேயில்லீன்னா மண்ணு ஏனுங்க இப்புடியாச்சு? ஆபீசரைக் கேட்டா நெரப்பச் சொல்லிப் பாரம் குடுக்குறாரு. உரக்கடையில கேட்டா மூட்டை குடுக்குறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

சித்தர் துப்பினார்.

"சாமையும் தினையும் மாத்தி மாத்திப் போட்ட சரிவுல இப்ப வருசாவருசம் கிழங்கு மட்டும். புடுங்குறப்ப கிளறிவிட்ட மண்ணை மழை வாரிக்கிட்டுப் போகுது. மிச்சத்தைப் புடிச்சு வச்சிருக்கிறது மரத்து வேரு. அதையும் வெட்டுங்கன்னேன், விழுந்து கும்பிட்டீங்க. இதைச் சொல்ல என் நாக்கு எதுக்குய்யா? உங்க தலை பத்தாதா?"