கண்மாய்க்குள் வீசிய வேட்டி

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை அதிகம் பேசக்கூடாது. கேசரியைத் தின்றோமா, கேட்டதற்குத் தலையாட்டினோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். நான் கண்மாயைப் பற்றிப் பேசினேன்.

எண்பதுகளின் தொடக்கம். கோரிப்பாளையத்தில் வீடு, அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருவாதவூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போய்விடுவேன். எப்போதும் அதே மருதமரத்தடி. ஐப்பசியில் செந்நிறமாக வந்து சேரும் தண்ணீர் மார்கழியில் தெளிந்துவிடும். தை மாதம் நாரைகள் இறங்கும். மாசிக்குமேல் தண்ணீர் பின்வாங்க, விட்டுப்போன ஈரத்தில் புல் முளைக்கும். சித்திரையில் நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். இதையெல்லாம் கவனிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு நினைப்பு. (அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஒரு ஊரே நெல் போட்டிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.)

ஒரு சித்திரையில் வில்லாபுரத்தில் பெண் பார்த்தோம். பெயர் கலைச்செல்வி. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று யாரோ கேட்கப்போக, நான் கண்மாய்க் கதையை அவிழ்த்துவிட்டேன். எல்லோரும் முழித்தார்கள். கதவோரம் நின்ற அவள் மட்டும், "இப்பப் போனா அங்க என்ன இருக்கும்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். கொக்கு, நாரை, கூழைக்கடா எல்லாம் குட்டையைச் சுற்றிப் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி நிற்கும் என்றேன். அவள் சிரித்தாள்.

அவள் அப்பா சிரிக்கவில்லை. அவர் மில்லில் மேஸ்திரி. கண்மாய்க்கரைக்கு வாராவாரம் போகிறவன் ஒன்று சீட்டாடுகிறவன், இல்லையென்றால் குடிக்கிறவன் என்பது அவர் அனுபவம். "வார ஞாயித்துக்கிழமை மேலூர்ல ஒரு சோலி இருக்கு மாப்ள. அப்படியே நீங்க சொல்ற கம்மாயையும் பாத்துட்டுப் போறேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிறு புது வேட்டி, நண்பனிடம் இரவல் வாங்கிய சட்டையோடு அவருக்கு முன்னாலேயே போய்விட்டேன். எதிர்க்கரையில், கோயிலை ஒட்டி ஒரே கூட்டம். கையில் கூடை, வலை, சிலரிடம் பழைய கொசுவலை. ஏதோ பொங்கல் வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (பொங்கல் வைக்க யாராவது வலையோடு வருவார்களா என்று யோசிக்கிற புத்தி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) மாமனாருக்குப் பறவைகளைக் கிட்டத்தில் காட்ட நல்ல இடம் பார்த்து வைப்போம் என்று கண்மாய்க்குள் இறங்கி நடந்தேன். மேலே பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. குட்டையை நெருங்கும்போது பாளம் உடைந்து, கால் இரண்டும் முழங்கால்வரை சேற்றுக்குள் போய்விட்டன. இழுக்க இழுக்க இன்னும் இறங்கின.

கத்தினேன். எதிர்க்கரைக்குக் கேட்கவில்லை. எதையாவது வீசிக் காட்டலாம் என்றால் இரவல் சட்டையில் சேறு படக்கூடாது. வேட்டியை அவிழ்த்துத் தலைக்குமேல் சுற்றினேன்.

அவ்வளவுதான். கரை மொத்தமும் ஓவென்று கண்மாய்க்குள் பாய்ந்தது.

வருஷம் ஒருமுறை, தண்ணீர் வற்றும் நேரத்தில், ஊரே கூடி மீன் பிடிக்கிற நாளாம் அது. பூசை முடிந்து ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசிய பிறகுதான் யாரும் இறங்கலாம். பூசாரி அப்போதுதான் சூடம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் வந்துகூடச் சேரவில்லை.

என்னைத் தூக்கிவிடத்தான் ஓடி வருகிறார்கள் என்று நான் கும்பிட்டேன். அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு குட்டையில் விழுந்தார்கள். பறவைகள் ஒன்றுவிடாமல் பறந்துபோயின. ஒரு அம்மாள் போகிற போக்கில் என் கையிலிருந்த வேட்டியைப் பிடுங்கி, துள்ளிய விராலை அதில் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் ஊர்ப் பெரியவர் வந்துதான் ஆள்விட்டு என்னைப் பிடுங்கிக் கரையில் நிறுத்தினார். சாமி கும்பிடுவதற்கு முன்னால் துணி வீசச் சொன்னது யார் என்று கேட்டார்.

"தூக்கிவிட ஆளக் கூப்பிட்டேன்யா" என்றேன்.

"அம்புட்டு பேரையுமா கூப்பிட்ட?"

பதில் சொல்லத் திரும்பியபோதுதான் மருதமரத்தடியில் கலைச்செல்வியின் அப்பாவைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ. என் இடுப்பில் பட்டாப்பட்டி டிராயர், தொடைவரை சேறு, மேலே மட்டும் இஸ்திரி கலையாத சட்டை. அவர் கிட்டே வந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"இதக் கட்டிக்கங்க தம்பி" என்றார்.

மாப்ள, தம்பியாகிவிட்டான். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

துண்டோடு சைக்கிள் மிதித்து வீடு வந்தேன். நாள் குறிக்கிற அளவுக்குப் பொருந்தியிருந்த ஜாதகம், அந்த வாரமே பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். எவ்வளவோ நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கண்மாய்ப் பக்கமும் பிறகு போகவில்லை. ஐப்பசியில் மழை வலுத்தால், இந்நேரம் தண்ணீர் மருதமரத்தைத் தொட்டிருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவதோடு சரி.

பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். விசேஷ வீட்டில் கைதுடைக்க நான் துண்டை எடுத்தால் போதும், "அப்பா வீசிட்டாருடா, எல்லாரும் பந்திக்கு ஓடுங்க" என்பான் பெரியவன். விவரம் தெரியாதவர்களுக்கு என் மனைவி முழுக் கதையையும் சொல்வாள், விரால் மீனை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக்கி. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வில்லாபுரத்து வீட்டில் அவள் அப்பா இதைச் சொன்னபோது கலைச்செல்வி சிரித்தாளா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.