மயங்கி விழுந்த படை

தன் வீரன் மயங்கி விழுந்தால் எதிரி எதற்காகக் கேடயத்தைக் கீழே போட வேண்டும் என்று தங்கராஜு கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் கதிரேசுவுக்குப் பிடிக்கவில்லை.

மலாக்கா பக்கத்து ரெம்பியா ஊரின் கோயில் மண்டபத்தில் மேசையைச் சுற்றி நின்ற கூட்டம் அவர் வாயையே பார்த்தது. மேசையில் ஒரு போர் விளையாட்டு விரிந்து கிடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் திலீபன் விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வந்தது. அட்டையில் மலை, ஆறு, இரண்டு பக்கமும் இரண்டு கோட்டைகள். பக்கத்துக்குப் பத்து வீரர்கள். அவர்களை நகர்த்தவும் சண்டைக்கு அனுப்பவும் கையில் சீட்டுகள். வெட்டுக்கு ஒரு சீட்டு, தடுக்கும் கேடயத்துக்கு ஒரு சீட்டு, இப்படிப் பல. எதிரியின் கோட்டைக்குள் முதலில் நுழைகிறவர் ஜெயித்தவர். பள்ளி விடுமுறையில் இளவட்டங்கள் பஸ் நிலையத்தில் நின்று வம்பு வளர்ப்பதற்குப் பதில் இங்கே வந்து அட்டையில் சண்டை போடட்டுமே என்று திலீபன்தான் போட்டி வைத்தான். சுற்றுவட்டார ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் தாமான் எனும் வீட்டுக் குடியிருப்புகளும் அணி அனுப்பின. பரிசு, பிஸ்கட் டின்னும் பழ டின்னும் அடுக்கி, மின்னும் தாள் சுற்றிய பெரிய ஹேம்பர்.

விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. யாரும் கேட்பதற்கு முன்பே கதிரேசு அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புவார். இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று ஆயுள் முழுக்கச் சம்பாதித்தவருக்கு ஒரு சீட்டு விளையாட்டு எம்மாத்திரம்?

கோளாறு ஒரே ஒரு சீட்டில் இருந்தது. அதன் மேல் 'ஃபெயிண்ட்' என்று அச்சிட்டிருந்தார்கள். மயக்கத்துக்கான ஆங்கிலச் சொல் போலவே ஒலித்தாலும் ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கதிரேசு கவனிக்காமல் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் மங்கலுக்கும் மயக்கத்துக்கும் ஒரே சொல்தான். கோர்ட்டில் மங்கலாகக் கோடு போட்ட தாள்கட்டின் மேல் அந்தச் சொல்லை இதே எழுத்துக்கூட்டில் அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். ஆகவே இரண்டும் ஒன்றே என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தச் சீட்டைப் போட்டால் எதிரியின் கேடயம் ஒன்று வீணாகும் என்று மட்டும் விதித்தாளில் இருந்தது. கதிரேசு அதைப் பளிச்சென்று மொழிபெயர்த்தார்: உன் வீரன் மயங்கி விழுவான், எதிரிக்குக் கேடயம் போகும்.

அதற்குத்தான் தங்கராஜு அந்தக் கேள்வியைக் கேட்டான். செலண்டார் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். தோட்டத்து அணிக்குத் தலைவன். குசும்புக்காக அல்ல, புரியாமல்தான் கேட்டான்.

கதிரேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோர்ட்டில் சாட்சி உளறும்போது நேரம் எடுத்துக்கொள்ள அவர் செய்வது அதுதான்.

"மயங்கி விழுந்தவனை அப்பிடியே வெயிலிலை விட்டிட்டுப் போறதோ? எதிரி தன்ர கேடயத்திலை அவனைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போறான். யுத்த தர்மம், தம்பி."

கூட்டம் தலையாட்டியது. கேடயத்தைப் படுக்கையாக்குவது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தூக்கி எங்கே கொண்டுபோவது என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, கேடயம் யாருடையதோ அவர்கள் கோட்டைக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். எல்லோருக்கும் திருப்தி. அவருக்கும்தான்.

முதல் ஆட்டம் தங்கராஜுவின் அணிக்கும் பெண்கள் அணிக்கும். பெண்களுக்குத் தலைவி பவானேஸ்வரி. மலாக்காவில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசாத பெண். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் அவள் அந்தச் சீட்டைப் போட்டாள். எதிரியின் கேடயத்தை எடுத்துவிட்டு, அதே வீரனை வைத்து வெட்டுச் சீட்டையும் போட்டாள். கதிரேசு கையை நீட்டித் தடுத்தார். மயங்கிக் கிடப்பவன் எப்படி வெட்டுவான்?

"அங்கிள், இது மயக்கம் இல்லன்னு நெனைக்கிறேன். அடிக்கிற மாதிரி காட்டி ஏமாத்துறது லா. அவங்க பயந்து கேடயத்தைத் தூக்குவாங்க, அது வீணாப் போயிரும்."

தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனாலும் முன் வரிசைக்குக் கேட்டுவிட்டது. கதிரேசுவின் காது சிவந்தது.

"பிள்ளை, நான் கொலைக் கேசுக்கே மொழிபெயர்த்தனான்."

மண்டபம் சிரித்தது. பவானேஸ்வரி வீரனை அட்டையில் சாய்த்துப் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் போயிற்று. நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதிரேசு வீட்டுக்குப் போனார். மனைவி அன்னபாக்கியம் டெலிவிஷனில் பூப்பந்துப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ வெளிநாட்டில் நடப்பது, வர்ணனை ஆங்கிலத்தில். ஓர் ஆட்டக்காரன் மட்டையை ஓங்கினான். எதிராளி அலறிப் பின்னால் ஓடினான். ஓங்கியவன் பந்தைத் தொட்டும் தொடாமலும் வலையை ஒட்டி அந்தப் பக்கம் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். வர்ணனையாளர் 'ஃபெயிண்ட்' என்ற அதே சொல்லை உச்சரித்துப் பூரித்துப்போனார்.

கதிரேசு சோற்றில் வைத்த கையை எடுக்காமல், ஆட்டக்காரன் எப்போது விழுவான் என்று பார்த்தார். விழவில்லை. துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆர் மயங்கினது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் மயங்கேல்லையப்பா. அடிக்கிறமாதிரிக் காட்டி ஏமாத்தினவன். இங்கிலீசிலை அதுக்கு அப்பிடித்தான் சொல்லுறது. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாமல் என்ன என்று முனகிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.  அந்தப் பெண் சொன்னது சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தது. அவளைப் பார்த்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தது தான்தான் என்பது நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது.

போனதும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டே நடந்தார். மண்டபத்து வாசலில் கால் வைத்ததும், ஜட்ஜ் ஐயா வந்துவிட்டார் என்று இளவட்டங்கள் வழிவிட்டார்கள். அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டது பவானேஸ்வரி. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், சரிபார்த்து வைத்திருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. இப்போது சொன்னால் கொலைக் கேஸ் கதை ரெம்பியா முழுக்கப் பரவும். காய்கறி வாங்கப் பசாருக்கு எப்படிப் போவது? சத்தமில்லாமல் அந்தச் சீட்டைச் சரிக்கட்டிவிட்டால் போதாதா?

ஆனால் அதற்குள் தங்கராஜு அந்தச் சீட்டின் மகிமையைக் கண்டுபிடித்துவிட்டான். அடுத்த ஆட்டத்தில் தன் வீரர்களை வரிசையாக மயங்கி விழ வைத்தான். எதிரி அணி யுத்த தர்மப்படி அவர்களைத் தன் கேடயங்களிலேயே சுமந்துபோய்த் தன் கோட்டைக்குள் கிடத்தியது. தன் ஆட்கள் எதிரியின் கோட்டைக்குள் நுழைந்தாகிவிட்டதே, ஜெயித்தாயிற்றா என்று தங்கராஜு பணிவாகக் கேட்டான்.

கதிரேசு கண்ணாடியைக் கழற்றினார். மயக்கத்தில் நுழைவது நுழைவாகாது என்றார். அப்படியானால் மயக்கம் எப்போது தெளியும்? தண்ணீர் தெளித்தால் தெளியும். யார் தெளிப்பது? சொந்தப் படையைச் சேர்ந்தவன்தான். தண்ணீருக்கு எங்கே போவது? அதுதான் நடுவில் ஆறு ஓடுகிறதே. ஒவ்வொரு பதிலும் வாயை விட்டு வெளியே வந்த கையோடு இன்னொரு கேள்வியைக் கூட்டிக்கொண்டு வந்தது. சட்டத்தின் உட்பிரிவு, விதிவிலக்கு என்றெல்லாம் பெயர் வைத்தார். குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போயிற்று.

இவ்வளவையும் யார் ஞாபகம் வைப்பது என்று திலீபன் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்தான். கையெழுத்து அழகாக இருக்கும் என்று பவானேஸ்வரியை எழுதச் சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை. 'மயங்கியவரைச் சுமப்பவர் வெட்டக் கூடாது' என்று அவர் சொல்ல, அவள் ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினாள். பிறகு திரும்பி, அடுத்தது என்ன அங்கிள் என்று பார்த்தாள். கிண்டல் துளியும் இல்லாத முகம். கதிரேசு தரையைப் பார்த்தபடியே அடுத்ததைச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் யாரும் சண்டை போடுவதை விட்டுவிட்டார்கள். எல்லா அணிகளும் ஆள் சுமப்பதும் ஆற்றுக்கும் கோட்டைக்கும் நடப்பதுமாக இருந்தன. வேடிக்கை பார்க்க வந்த காளியம்மா, சண்டை என்று சொன்னார்களே, இது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறதே என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது கதிரேசுவின் காதில் விழுந்தது. விழாதது போல இருந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். தங்கராஜுவின் அணியும் திலீபனின் தாமான் அணியும். தோட்டத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பாடத்தை நன்றாகப் படித்து வந்திருந்தன. இவன் ஒருவனை விழவைக்க, அவன் ஒருவனை விழவைக்க, கடைசியில் அட்டை முழுக்க இரண்டு படையும் மல்லாந்து கிடந்தன. தூக்க ஆளில்லை. தண்ணீர் எடுக்க ஆளில்லை. ஒரு கேடயம்கூட மிச்சமில்லை.

"இப்ப யார் ஆடுறது அங்கிள்?" என்றான் திலீபன்.

முதலில் மயங்கி முடித்தது நாங்கள்தான், ஆகவே எங்களுக்கே ஹேம்பர் என்றது தோட்டத்துப் பக்கம். கடைசிவரை ஒருவனாவது நின்றது எங்கள் படையில்தான் என்றது தாமான் பக்கம். பெஞ்சு ஒன்று சாய்ந்தது. யாரோ யாரையோ தோட்டத்தான் என்றான். பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை பறந்தது. சட்டைக் கைகள் முழங்கைக்கு மேல் ஏறின. வம்புக்குப் போகக் கூடாது என்று கூட்டிவந்த பிள்ளைகள், தன்னுடைய ஒரு சொல்லுக்காக நிஜமாகவே அடித்துக்கொள்ளப் போவதைக் கதிரேசு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றக் கை போயிற்று. பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"ஒருத்தனும் மயங்கேல்லை. அந்தச் சொல்லுக்கு மயக்கம் எண்டு அர்த்தமே இல்லை. பவானேஸ்வரி சொன்னதுதான் சரி. எனக்கு அது நேற்று மத்தியானமே தெரியும்."

ஓங்கிய கைகள் ஓங்கியபடி நின்றன. யார் மேல் கோபப்படுவது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. தங்கராஜு குனிந்து தன் வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து நிறுத்தினான். அப்படியென்றால் இவர்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்களா என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நேற்று பவானேஸ்வரியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்புதான். இன்று அதற்கு முன்னால் கதிரேசு நின்றார்.

அவர் அவளிடம் போய்த் தன்னை மன்னிக்கும்படி கேட்டார். வார்த்தை சரியாக வரவில்லை. அவள் சாக்குக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"பரவால்ல அங்கிள். எனக்கு நல்லாத் தெரியும்தான். ஆனா நீங்க கொலைக் கேஸ்னு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அடுத்த வாரம் முதல் ஆட்டத்திலிருந்து மறுபடி ஆடுவது, பவானேஸ்வரி விதி சொல்வது, அதுவரை ஹேம்பர் கோயில் அலுவலகத்தில் இருப்பது என்று திலீபன் முடிவு சொன்னான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், கதிரேசுவை யாரும் ஒரு வார்த்தை குறைசொல்லவும் இல்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவரைத் தாங்க முடியாமல் வாட்டியது. இருக்கிற மானத்தில் ஒரு கைப்பிடியாவது மிச்சம் பிடிக்க வேண்டும் போலிருந்தது. வாசல் வரை போனவர் திரும்பினார்.

"இது விளையாட்டு. தவறிப்போனன். ஆனா கோர்ட்டிலை இருந்த காலம் முழுக்க ஒரு சொல்லுகூட நான் பிசகினதில்லை. அதை மட்டும் நம்புங்கோ."

நம்புகிறோம் ஐயா என்று நாலைந்து குரல்கள் சொல்லின. அவருக்கு மூச்சு லேசானது. அப்போது கூட்டத்துக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த வீரமுத்து தட்டோடு எதிரே வந்து நின்றார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது கோயில் விசேஷங்களுக்குத் தேநீர் போடுகிறவர். கதிரேசுவின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஐயா, வாலிபத்துல ரப்பர் ஷீட் திருடிட்டேன்னு என்னைக் கோர்ட்ல நிறுத்துனாங்க, நீங்கதான் எனக்கு மொழிபெயர்த்தீங்க. ஆமாங்க, நான்தான் எடுத்தேன்னு சொன்னேன். நீங்க இங்கிலீஷ்ல என்னமோ சொன்னீங்க, ஜட்ஜு விட்டுட்டாரு. அந்த ஜட்ஜு மகராசன் பேருக்குத்தான் இத்தனை வருஷமா அர்ச்சனை பண்ணிக்கிட்டு இருக்கேன். இனிமே மாத்திடறேன், உங்க நட்சத்திரம் என்னங்க?"